யாளிக்குச் சிறகு வரையலாமா?

பால்மரத்துநிழல் | பீடோங், கெடா, மலேசியா | திங்கள், இரவு 9.15

அவையோர்க்கு வணக்கம். பீடோங்கை ஒட்டிய தோட்டம் ஒன்றின் அம்மன் கோவில் மண்டபத்தில், பணி ஓய்வுக்குப் பிறகு, சனிக்கிழமை காலைகளில் 14 பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டி வருகிறேன். அவர்களுக்கென்று 24 பக்கங்களில் ஒரு படக்கதை அச்சிட எண்ணி, கதையை நானே எழுதி, படங்களை எங்கள் ஊரில் பெயர்ப்பலகை எழுதும் தம்பி ஒருவரிடம் ஒப்படைத்திருக்கிறேன். கதையில் யாளி, அசுணம், இருதலைப் பறவை ஆகிய மூன்று கற்பனை உயிர்கள் ஒரு செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்துக்கு விருந்தாளிகளாக வருகின்றன.

முதல் படம் சென்ற வாரம் வந்தது. யாளிக்கு வௌவாலின் சிறகு, வாயில் நெருப்பு, முதுகு நெடுக முள். தம்பிக்குக் கை நன்றாக ஓடுகிறது. அதில் குறை சொல்ல மாட்டேன். "இப்படி இருந்தால்தான் டீச்சர் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்" என்றார். பிள்ளைகளிடமே காட்டினேன். ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி பார்த்த மாத்திரத்தில் "நாகா!" என்றாள்; மலாயில் டிராகனுக்கு அதுதான் பெயர். இன்னொருவன், சீனப் பெருநாளுக்குக் கடைத்தெருவில் ஆடும் சிங்கத்தின் தம்பி இது என்றான். யாளி என்ற பெயர் ஒருவர் வாயிலும் வரவில்லை. பாவம், எங்கே பார்த்திருக்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு தலையைத் தூக்கினால், அம்மனுக்குப் பின்னால் இருக்கும் திருவாசியின் உச்சியிலிருந்து யாளி முகம் ஒன்று எங்கள் எல்லாரையும் முறைத்துக்கொண்டிருந்தது.

இல்லாத உயிருக்கு இலக்கணம் உண்டா என்பதுதான் என் கேள்வி. சிறகை எடுத்துவிடுங்கள் என்று அந்தத் தம்பியிடம் நான் எந்த ஆதாரத்தை வைத்துச் சொல்வது?

சுதைவேலையன் | சுங்கைப் பட்டாணி | திங்கள், இரவு 10.40

அம்மா, வணக்கம். கோபுரச் சுதைவேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்து இந்த வட்டாரத்தில் தங்கியிருக்கிறேன். யாளியை எத்தனை முறை கையால் பிசைந்திருப்பேன் என்பதற்குக் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. நான் பார்த்த தூண்களிலும் சரி, செய்த உருவங்களிலும் சரி, யாளிக்குச் சிறகு கிடையாது, நெருப்பும் கிடையாது. சிங்கத்தின் உடல், பிடரி, பிதுங்கிய கண், கோரைப் பல் ஆகியவை அடிப்படை. அதன் மேல் யானையின் துதிக்கையும் தந்தமும் சேர்ந்தால் கஜயாளி, முகம் சிங்கமாகவே நின்றால் சிம்மயாளி, முதலை போன்ற கற்பனை உயிரான மகரத்தின் முகம் வந்தால் மகரயாளி. நாயக்கர் காலத்து மண்டபத் தூண்களில் அது பின்னங்கால்களில் எழுந்து நிற்கும். காலடியில் யானையோ மகரமோ இருக்கும். சில இடங்களில் முதுகில் வீரன் ஒருவன் உட்கார்ந்திருப்பான். தஞ்சைப் பெரிய கோவிலின் அடித்தளத்தில் அதையே வரிசையாக ஓடவிட்டு யாளி வரி என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

பிள்ளைகளுக்குப் பிடிக்கும் பகுதி வாயில் இருக்கிறது. கல் யாளியின் வாய்க்குள் ஓர் உருண்டை கிடக்கும். விரலை விட்டு உருட்டினால் உருளும். வெளியே எடுக்க முடியாது, ஏனென்றால் அது வெளியிலிருந்து உள்ளே போட்ட கல் அன்று. அதே பாறையை உள்ளே குடைந்து விடுவித்த கல். நெருப்பு கக்கும் வாயைவிட இந்த வாயை வரைந்தால், ஊருக்குப் போகும் பிள்ளை ஒருநாள் அந்த உருண்டையைத் தேடித் தொட்டுப் பார்க்கும்.

ஒரு திருத்தமும் சொல்லிவிடுகிறேன், மனம் கோணக் கூடாது. திருவாசியின் உச்சியில் இருப்பதைப் பேச்சில் யாளிமுகம் என்போம். சிற்ப வழக்கில் அது கீர்த்திமுகம். இரு பக்கமும் வளைவு தொடங்கும் இடத்தில் வாயைப் பிளந்திருப்பவை மகரங்கள். பெயர் மாறுவது புதிதும் இல்லை. மாமல்லபுரத்துக்கு அருகே சாளுவன்குப்பத்தில் வாயிலைச் சுற்றி யாளித் தலைகளைச் செதுக்கிய பல்லவர் குடைவரை இருக்கிறது. ஊரார் வைத்த பெயர் புலிக்குகை.

கோடும்வண்ணமும் | கிள்ளான் | செவ்வாய், காலை 7.05

சிறுவர் நூல்களுக்குப் படம் வரைவது என் தொழில் என்பதால், அந்தப் பெயர்ப்பலகைத் தம்பியின் பக்கம் ஒருவராவது நிற்க வேண்டும் என்று எழுதுகிறேன். சுதைவேலை ஐயா சொன்ன ஒவ்வொன்றும் உண்மையாக இருக்கலாம். ஆனால் தூணை அப்படியே தாளில் இறக்கினால் கிடைப்பது சுற்றுலாக் கையேடு, கதைப்புத்தகம் இல்லை. தூணில் இருக்கும் யாளி 400 ஆண்டுகளாக ஒரே இடத்தில் எழுந்து நிற்கிறது. கதையில் வரும் யாளி நடக்க வேண்டும், படுக்க வேண்டும், கொட்டாவி விட வேண்டும், மழைக்கு ஒதுங்க வேண்டும். அது படுத்தால் துதிக்கை எங்கே போகும் என்பதற்குத் தூணில் விடை இல்லை. ஓவியன்தான் கண்டுபிடித்தாக வேண்டும்.

இன்னொரு தொழில் சிக்கலும் உண்டு. யானைத் துதிக்கையை நேர்முகமாக வரைந்தால் அது வாயை மறைத்துவிடும். வாய் மறைந்தால் உருண்டையும் போயிற்று, சிரிப்பும் போயிற்று. ஆகையால் முக்கால் பக்கமாகத் திருப்பி, துதிக்கையைத் தூக்கிவிட்டுத்தான் வரைய வேண்டும். படம் சரியாக வந்ததா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு: உள்ளே ஒரு கோடும் இல்லாமல் முழுவதையும் கறுப்பாக நிரப்பிப் பிள்ளையிடம் காட்டுங்கள். நிழலுருவை வைத்தே "இது அதுதானே" என்று சொன்னால் வென்றீர்கள். தம்பியின் படத்தைக் கறுப்பாக்கினால் எல்லாத் திரையிலும் வரும் பறக்கும் பல்லிதான் மிஞ்சும். என் குறையும் அதுதான். சிறகு தவறு என்று நான் சொல்லவில்லை. அந்தச் சிறகு அவருடைய கண்ணிலிருந்து வரவில்லை.

உள்ளூரான்2 | செவ்வாய், காலை 7.50

கோவிலில் இருப்பதைக் கொட்டாவி விட வைப்பதும் மழைக்கு ஒதுக்குவதும் தேவையா? நாளைக்குச் சாமி வாகனத்துக்கும் காற்சட்டை போடுவீர்கள்.

கோடும்வண்ணமும் | கிள்ளான் | செவ்வாய், காலை 8.20

ஐயா, மூஞ்சூறு வாகனம் கொழுக்கட்டையைக் கொறிப்பது போல் பாட்டிமார் சொல்லி நாம் சிரித்தவர்கள்தாம். காற்சட்டை போட மாட்டேன் என்று உறுதி கூறுகிறேன்.

பழம்பாட்டு | தைப்பிங் | செவ்வாய், மாலை 5.30

கேள்வி இலக்கணத்தைப் பற்றியது என்பதால் சங்கப் பாட்டுகளிலிருந்து தொடங்குகிறேன். அங்கே யாளிக்கு ஆளி என்று பெயர். பொருநராற்றுப்படையில் இளமையிலேயே போர் வென்ற கரிகாலனுக்கு உவமையாக ஓர் ஆளிக்குட்டி வருகிறது: தாய்ப்பால் குடிப்பதை இன்னும் நிறுத்தாத பருவத்தில், தன் முதல் வேட்டையிலேயே அது ஆண் யானையை வீழ்த்திவிடுகிறது. அதற்குத் துதிக்கை இருந்ததா, பிடரி இருந்ததா என்று அந்தப் புலவர் சொல்லவே இல்லை. அது என்ன செய்யும் என்பதை மட்டும் சொல்கிறார்.

மற்ற இரண்டும் அப்படியே. அசுணம் இசைக்கு மயங்கும்; வேடர்கள் யாழை வாசித்து அதை வெளியே வரவழைத்து, பிறகு பறையை அறைந்தால் உயிரை விட்டுவிடும். கலித்தொகையின் 143ஆம் பாட்டு அதை மான் என்னும் சொல்லால் குறிக்கிறது. அந்தக் காலத்தில் அச்சொல் விலங்குக்குப் பொதுப்பெயராகவும் வழங்கியது. பிற்காலத்தில் அதையே பறவை என்று கொண்டவர்களும் இருக்கிறார்கள். காது ஒன்றைத் தவிர அதன் உடம்பைப் பற்றி நமக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. இருதலைப் புள் அகநானூற்றின் 12ஆம் பாட்டில் வருகிறது, கபிலர் பாடியது. தானும் தலைவியும் இருதலைப் பறவையைப் போல ஓர் உயிர் என்று தோழி சொல்கிறாள். அதன் நிறம், அலகு, வால் எதற்கும் சொல் செலவாகவில்லை. பஞ்சதந்திரத்திலும் இரண்டு தலையும் ஒரு வயிறும் உள்ள பறவை உண்டு; அங்கே கனியைப் பங்கு தராத கோபத்தில் ஒரு தலை நஞ்சைத் தின்ன, இரண்டும் மடிகின்றன. ஒரே உடம்பு, ஓரிடத்தில் நட்புக்கு, இன்னோரிடத்தில் பகைக்கு.

ஆகவே, பாட்டு நடத்தையைத் தந்தது, கல் உருவத்தைத் தந்தது என்று நான் பிரித்துக்கொள்கிறேன். ஆசிரியை அவர்கள் ஓவியரிடம் கேட்க வேண்டியது "சிறகு ஏன்?" என்பதைவிட "உங்கள் யாளி என்ன வேலை செய்கிறது?" என்பதே. யானையை வெல்லும் உயிர் என்றால் அதற்குத் தோளும் நகமும் வேண்டும். பறந்து தப்பிக்கும் தேவை அதற்கு ஏது? வேலை தெரிந்துவிட்டால் எந்த உறுப்பு மிகை என்பது ஓவியருக்கே தெரிந்துவிடும். அசுணத்தைப் பொறுத்தவரை அவருக்கு முழு விடுதலை. காதை மட்டும் குறைத்துவிட வேண்டாம்.

மழலைத்தாய் | கூலிம் | செவ்வாய், இரவு 9.00

நான் படித்தவள் இல்லை, இரண்டு பிள்ளைகளை இரவில் தூங்கவைப்பவள் என்ற முறையில் எழுதுகிறேன். பயம் பற்றி யாரும் பேசவில்லையே. பிதுங்கிய கண்ணும் கோரைப் பல்லும் பக்கம் நிறைய நின்றால் என் இளையவன் புத்தகத்தை மெத்தைக்கு அடியில் ஒளித்துவிடுவான்.

ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். எங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கும் செம்பனைக் காட்டில் எலியைப் பிடிப்பதற்காகத் தோட்ட நிர்வாகம் கம்பம் நட்டு, பெட்டி வைத்து, வெள்ளை ஆந்தைகளைக் குடியேற்றியிருக்கிறது. என் மாமியார் ஆந்தை அலறினால் கதவைச் சாத்துவார். என் மகன் அதே அலறலைக் கேட்டு "பத்தாம் நம்பர் பெட்டி வேலைக்குக் கிளம்பிவிட்டது" என்பான். அவனுக்கு அது வேலைக்குப் போகும் பறவை. பழம்பாட்டு ஐயா சொன்ன வேலை என்ற சொல்லைப் படித்ததும் இதுதான் நினைவுக்கு வந்தது.

கோடும்வண்ணமும் | கிள்ளான் | செவ்வாய், இரவு 9.45

அக்கா சொன்னதற்கு ஓவியப் பக்கத்திலிருந்து ஒன்று சேர்க்கிறேன். அம்புலிமாமாவில் சங்கர் வரைந்த வேதாளம் பலருக்கு நினைவிருக்கும். அவர் 2020இல் காலமானார். சுடுகாடு, தோளில் பிணம், அதற்குள் வேதாளம். எழுதிப் பார்த்தால் பிள்ளைகளுக்குக் காட்டக்கூடாத படம். ஆனாலும் தோட்டத்து லயங்களில் அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் பயந்து செத்துவிடவில்லை, ஏனென்றால் விக்கிரமனின் முகத்தில் அச்சம் இல்லை. வாளைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்து நடக்கிறான். பக்கத்தில் நிற்கும் மனித முகத்தைப் பார்த்துத்தான் பிள்ளை பயப்படலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிறது. யாளியின் பல்லைக் குறைக்காதீர்கள். அதன் அருகே சலிப்போடு நிற்கும் ஒரு சிறுமியை வரையச் சொல்லுங்கள்.

மெர்போக்காரன் | மெர்போக் | புதன், காலை 6.30

ஜெராய் மலையைப் பார்த்துக்கொண்டு வளர்ந்தவன் என்ற உரிமையில் வேறொரு பக்கத்தைத் திறக்கிறேன். கல்லில் இருப்பதுதான் இலக்கணம் என்றால், கடலைத் தாண்டி வந்த உயிர்களை என்ன செய்வது? கெடாவின் மூத்த கதைநூலான ஹிகாயாட் மெரோங் மகாவங்சாவின் தொடக்கத்திலேயே கருடன் வருகிறது. ரோம் அரசனின் மகனுக்கும் சீன அரசனின் மகளுக்கும் நடக்கவிருக்கும் திருமணத்தைத் தடுத்துக் காட்டுவதாக நபி சுலைமானிடம் பந்தயம் கட்டி, பெண்ணைத் தூக்கிவந்து லங்காவியில் மறைத்து வைத்து, கடைசியில் தோற்றுப்போகிறது. திருமாலைச் சுமந்த பறவை இங்கே நபியிடம் பந்தயம் கட்டுகிறது! சடாயுவும் அப்படித்தான். மலாயில் ஜெந்தாயு என்று பெயர் மாறி, மழைக்காகக் காத்திருக்கும் பறவையாகிவிட்டது; மழைக்கு ஏங்கும் ஜெந்தாயுபோல என்று பழமொழியே இருக்கிறது. இராவணனோடு போரிட்ட கிழட்டுக் கழுகரசன் வானத்தைப் பார்த்துக்கொண்டு மழை கேட்கிறான்.

ஆகையால் உருவமும் வேலையும் ஊருக்கு ஊர் மாறும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் எப்படி மாறியது என்று பாருங்கள். மழையை நம்பி நாற்று நடுகிறவர்களின் நாவில் புழங்கிப் புழங்கி மாறியது. அந்த வௌவால் சிறகு யார் நாவிலும் புழங்கவில்லை. கைப்பேசியிலிருந்து நேரே வந்து உட்கார்ந்திருக்கிறது. யாளி கெடாவுக்குக் குடிவந்தால் அது என்னவாக மாறும்? பாலிங், சீக் பக்கத்தில் யானை இறங்கி இளஞ்செம்பனையைப் பிடுங்கிக் குருத்தைத் தின்றுவிட்டுப் போகும் கதை நம் எல்லாருக்கும் தெரியும். யானைக்கு எதிரி என்ற ஒரே தகுதிக்காகவே யாளிக்கு இங்கே நிரந்தர வேலை கிடைக்கும்.

தப்புக்காரன்பேரன் | லூனாஸ் | புதன், மாலை 6.10

யாளியை எல்லாரும் பார்த்துக்கொண்டீர்கள், அசுணத்துக்கு வருவோம். யாழ் இனிமை, பறை சாவு என்று ஒரு பக்கம் வரையப் போகிறீர்களா? என் தாத்தா தோட்டத்துத் திருவிழாக்களில் தப்பு என்னும் பறையை அடித்தவர். அந்தக் கைக்கு ஊரில் என்ன மரியாதை கிடைத்தது என்பதை இங்கே விரிக்க வேண்டாம். இன்று எங்கள் பையன்கள் உறுமிக் குழு வைத்து, தைப்பூசத்துக்குத் தலைநிமிர்ந்து வாசிக்கிறார்கள். அந்தப் பையனின் தங்கை படக்கதையைத் திறந்து, அண்ணன் கையில் இருப்பதைப் போன்ற ஒரு கருவி அழகான உயிரைக் கொல்வதைப் பார்க்க வேண்டுமா? ஆதாரம் 2000 ஆண்டுப் பழமை என்பது எனக்குப் பதிலாகாது.

பழம்பாட்டு | தைப்பிங் | புதன், இரவு 8.00

தம்பி, நியாயமான கேள்வி. நேற்று நான் அந்தக் கதையைச் சுருக்கிச் சொன்ன விதத்திலேயே பழியைப் பறையின் மேல் போட்டுவிட்டேன் என்று இப்போது படுகிறது. நற்றிணையின் 304ஆம் பாட்டு என்னைவிட நுட்பமாகச் சொல்கிறது. தலைவனின் மார்பு, கூடும்போது இன்பமும் பிரியும்போது துன்பமும் தருவதால், அசுணத்தைக் கொல்பவரின் கையைப் போன்றது என்கிறாள் தலைவி. அவள் கையைத்தான் சொல்கிறாள், கருவியைச் சொல்லவில்லை. யாழை மீட்டியதும் அந்தக் கைதான், அறைந்ததும் அந்தக் கைதான். ஏமாற்றியது யாழ் என்றுகூடச் சொல்லலாம். ஓவியர் கருவிகளை விட்டுவிட்டு வேடனின் இரண்டு கைகளை மட்டும் வரைந்தால் பாட்டுக்கு அருகிலேயே நிற்கலாம்.

மழலைத்தாய் | கூலிம் | புதன், இரவு 8.25

கடைசியில் அது சாகுமா? ஏழு வயதுக்குச் சாவு தெரியும். ஆனால் படுக்கப் போகும் முன் வேண்டாம்.

பால்மரத்துநிழல் | பீடோங் | வெள்ளி, இரவு 9.30

இரண்டு நாள்களாகப் பதில் எழுதாததற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த இழையை அச்சிட்டு எடுத்துக்கொண்டு நேற்று மாலை அந்தக் கடைக்குப் போனேன். தம்பி ஒரு திருமண வாழ்த்துப் பதாகைக்கு எழுத்து வெட்டிக்கொண்டே கேட்டார். சிறகைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, "உன் யாளி என்னப்பா வேலை செய்கிறது?" என்று மட்டும் கேட்டேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிறிது நேரம் யோசித்து, "இரவுக் காவல்" என்றார். காவலுக்கு நிற்பது பறக்குமா என்று தானே கேட்டுக்கொண்டு, பழைய படத்தின் மேல் மெல்லிய தாளைப் போட்டுச் சிறகையும் முள்ளையும் விட்டுவிட்டு மறுபடி வரைந்தார். நெருப்பை எடுக்க அவருக்கு மனமில்லை. அதற்குப் பதிலாக வாய்க்குள் உருண்டையை வைத்து, அதை யாளி இரவெல்லாம் மிட்டாயைப் போலக் கன்னத்துக்குக் கன்னம் ஒதுக்கிக்கொண்டு விழித்திருப்பதாக எழுதலாமா என்று கேட்டார். இது என் மூளையில் வராத கற்பனை, ஒத்துக்கொண்டேன்.

இருதலைப் பறவைக்கு 12, 13ஆம் பக்கங்களைக் கேட்கிறார். கம்பித் தையல் போட்ட 24 பக்க நூலில் அந்த இரண்டு பக்கங்களும் ஒரே தாளாக விரியும் என்பதால், இடப்பக்கம் ஒரு தலையும் வலப்பக்கம் ஒரு தலையும் வைத்தால் நடு உடம்பு மடிப்பில் விழுங்கப்படாது என்கிறார். பெயர்ப்பலகைக்காரருக்கு அளவு தெரியும் என்பதை நான்தான் மறந்திருந்தேன். இரண்டு தலைகளும் ஒரு ரம்புத்தானுக்குச் சண்டை போட்டு, கபிலரின் பக்கமே சாய்கின்றன.

அசுணம் எங்கள் கதையில் சாகவில்லை. ஐயா வருந்தக் கூடாது. பாட்டைத் திருத்தியதாக எண்ண வேண்டாம், என் கதையை மாற்றினேன். முழு உடம்பும் எந்தப் பக்கத்திலும் தெரியாது. செம்பனை ஓலைகளுக்கு இடையில் ஒரு காது மட்டும் தெரியும். உறுமிப் பயிற்சி நடக்கும் மாலைகளில் அந்தக் காது அதை நோக்கித் திரும்பியிருக்கும்; பொய்யாகக் கூப்பிடும் இரண்டு கைகளைக் கண்டால் மறைந்துவிடும். லூனாஸ் தம்பி, கருவியை யாரும் பழிக்காதபடி பார்த்துக்கொண்டேன் என்று நம்புகிறேன். படம் வந்ததும் உங்களுக்குத்தான் முதலில் அனுப்புவேன்.

உங்களிடம் கேட்பதற்கு ஒன்று மீதமிருக்கிறது. சென்ற சனிக்கிழமை "நாகா" என்ற அதே சிறுமி போகிற போக்கில் திருவாசியைக் காட்டி, "அதுக்கு முகம் மட்டும்தான் இருக்கு, உடம்பு எங்கே டீச்சர்?" என்றாள். இடம் போதாமல் விட்டிருப்பார்கள் என்று சமாளித்துவிட்டேன். நாளைக்கு மறுபடி கேட்பாள்.

சுதைவேலையன் | சுங்கைப் பட்டாணி | வெள்ளி, இரவு 10.15

அம்மா, இடம் போதாமல் இல்லை. சலந்தரனின் தூதனாக இராகு வந்து வம்பு பேசியபோது, சிவனின் நெற்றிக்கண்ணிலிருந்து அவனைத் தின்பதற்கென்றே கொடும்பசியோடு ஒரு பூதம் கிளம்பியது. இராகு அடைக்கலம் கேட்டுத் தப்பிவிட்டான். பசிக்கு என்ன வழி என்று பூதம் கேட்க, உன்னையே தின்றுகொள் என்று உத்தரவாயிற்று. அது காலிலிருந்து தொடங்கிக் கழுத்துவரை தின்று தீர்த்தது. முகம் மட்டும் மிஞ்சியது. சொன்னதைச் செய்த அதற்குக் கீர்த்திமுகம் என்று பெயரிட்டு, வாசலில் நிறுத்திவைத்தார் சிவன்.

பால்மரத்துநிழல் | பீடோங் | வெள்ளி, இரவு 10.32

படித்துவிட்டுத் தம்பிக்குக் கைப்பேசியில் அனுப்பினேன். "முதலில் எந்தக் காலைத் தின்றது என்று கேட்டுச் சொல்லுங்கள் டீச்சர், இடதா வலதா?" என்று உடனே பதில் வந்திருக்கிறது.